மூட்டைப்பூச்சிதானான்னு எப்படி கண்டுபிடிக்கிறது, கைக்குழந்தை இருக்குற வீட்டுல என்ன பண்றது

தங்கச்சி, நீங்க கேட்டதை ரெண்டு தடவை படிச்சேன். ரயில்ல ஊருக்குப் போய்ட்டு வந்து மூணு வாரம் ஆச்சு, அதுலருந்து காலைல எழுந்தா கையிலயும் கழுத்துலயும் வரிசையா தடிப்பு, எட்டு மாச பாப்பாவுக்கும் முதுகுல இருக்கு, ஆனா அதே கட்டில்ல படுக்குற உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணுமே இல்ல, மெடிக்கல்ல அலர்ஜின்னு மாத்திரை குடுத்துட்டாங்க. தெரிஞ்சவர் ஒருத்தர் ஒரு மாத்திரை வாங்கித் தரேன், ரூம்ல வச்சுப் பூட்டிட்டு ஒருநாள் வெளிய இருந்துட்டு வந்தா எல்லாம் செத்துடும்னு சொல்றாராம், செய்யலாமான்னு கேக்குறீங்க.

கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன். அந்த மாத்திரை வேண்டவே வேண்டாம். அது பெரும்பாலும் அலுமினியம் பாஸ்பைடு, நெல்லு கோதுமை குடோன்ல வண்டுக்கு வைக்கிறது. காத்துல இருக்குற ஈரம் பட்டதும் பாஸ்பீன்ங்கிற வாயு வரும், அது கதவு இடுக்கு, சுவர் வெடிப்பு, ஏசி பைப் போட்ட ஓட்டை எல்லாத்து வழியாவும் பக்கத்து ரூமுக்கும் பக்கத்து வீட்டுக்கும் போகும், மூச்சுல போச்சுன்னா அதுக்குன்னு மாத்து மருந்தே கிடையாது. சாதாரண ஆளுக்கு அதை விக்கவே கூடாதுன்னு சட்டம் இருக்கு, ஆனா கடையில கேட்டா கிடைக்குது, அதான் பயமா இருக்கு. 2024 நவம்பர்ல குன்றத்தூர் பக்கம் எலிக்கு மருந்து வச்ச வீட்டுல ஏசி போட்டுத் தூங்கின குடும்பத்துல ரெண்டு சின்னக் குழந்தைங்க போயிடுச்சே, அது எந்த மருந்தா இருந்தாலும் மூடின ரூமும் விஷ நெடியும் சேர்ந்தா என்ன ஆகும்ங்கிறது ஒண்ணுதான். மூட்டைப்பூச்சி கடிச்சு சாகுறதுங்கிறது கிட்டத்தட்ட கிடையவே கிடையாது. இந்த மாத்திரையால செத்தவங்க நிறைய பேர். அவரு நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார், ஆனா வாங்கிட்டு வந்துட்டார்னா வீட்டுக்குள்ளயே ஏத்தாதீங்க.

நான் சென்னைல வேலைக்குப் போற பொண்ணுங்களுக்கு ஒரு ஹாஸ்டல் பாத்துக்குறேன், 16 ரூம், 48 கட்டில். மாசாமாசம் யாராவது ஊர்லருந்து பெட்டியோட வர்றாங்க போறாங்க, அதனால இந்தப் பூச்சியோட நாலு தடவை மல்லுக்கட்டியிருக்கேன். முதல் தடவை ஆறு மாசம் இழுத்துச்சு. மூணாவது தடவை ஒரே ரூம்லயே நிறுத்திட்டோம். நடுவுல என்ன கத்துக்கிட்டேன்னா, இதை ஒரே நாள்ல முடிச்சுடணும்னு அவசரப்படுறவங்கதான் தோக்குறாங்க. அதோட முட்டைக் கணக்கு என்னன்னு தெரிஞ்சுகிட்டு அந்தக் கணக்குக்கு நாம திருப்பித் திருப்பி செஞ்சா போயிடும், பெரிய விஷம் தேவையே படாது.

முதல்ல அது மூட்டைப்பூச்சிதானான்னு உறுதி பண்ணுங்க. தடிப்பை மட்டும் பாத்து டாக்டராலயே சொல்ல முடியாது. வரிசையா மூணு நாலு இருந்தா சந்தேகப்படலாம், ஆனா கொசுவும் அப்படி கடிக்கும். உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் இல்லேங்கிறதை வச்சு இல்லன்னு முடிவு பண்ணாதீங்க, அவரையும் கடிச்சுகிட்டுதான் இருக்கும், சில பேர் உடம்பு தடிப்பே காட்டாது. சில பேருக்கு கடிச்சு நாலஞ்சு நாள் கழிச்சுகூட வரும். எங்க ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல மூணு பொண்ணுங்க, ஒருத்திக்கு மட்டும் கை முழுக்க சிவந்துபோய், மத்த ரெண்டு பேரும் உனக்கு ஏதோ ஸ்கின் ப்ராப்ளம்னு சொல்லி அவ கூட படுக்கவே யோசிச்சாங்க, அந்தப் பொண்ணு அழுதுகிட்டே எங்கிட்ட வந்தா. மெத்தையத் திருப்பிப் பாத்தா அதிகமா இருந்தது தடிப்பே இல்லாத பொண்ணோட கட்டில்ல.

விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்புப் பக்கம் நைட்ல அரிப்பு ஜாஸ்தி ஆகுதுன்னா அது சொறி சிரங்கா இருக்கலாம், அதுக்கு டாக்டர் தர்ற க்ரீம் போட்டாதான் போகும். நாய் பூனை இருக்குற வீட்ல கணுக்கால்ல மட்டும் கடிச்சா தெள்ளுப்பூச்சியா இருக்கும். மூட்டைப்பூச்சி துணி மூடாத இடத்துலதான் கடிக்கும், கை, கழுத்து, முகம், முதுகு.

தடம்தான் முக்கியம். பெட்ஷீட்லயும் மெத்தை ஓரத்துலயும் பேனா மை சிந்தின மாதிரி சின்னச் சின்ன கறுப்புப் புள்ளி இருக்கும், அது அதோட கழிவு, நம்ம ரத்தம்தான் செரிச்சு அப்படி ஆகுது. ஈரப் பஞ்சு வச்சுத் தேச்சா செம்பழுப்பா இழுவும், சாதாரண அழுக்கு அப்படி இழுவாது. அப்புறம் வெளிர் மஞ்சள் கலர்ல உரிச்சுப் போட்ட தோல், உமி மாதிரி லேசா இருக்கும். புரண்டு படுக்கும்போது நசுங்கின ரத்தக் கறை. நிறைய ஆகிட்டா ஒரு வாசனை வரும், கொத்தமல்லித் தழை அழுகினா வருமே அந்த மாதிரி, ஆனா அந்த வாசனை வர்ற அளவுக்கு உங்க வீட்ல இன்னும் போயிருக்காது.

பெருசு ஆப்பிள் விதை அளவு இருக்கும், 5லருந்து 7 மில்லிமீட்டர், தட்டையா செம்பழுப்பா, ரத்தம் குடிச்சதும் உப்பி நீளமாயிடும். றெக்கை கிடையாது, பறக்காது, குதிக்காது, ஆனா எறும்பு வேகத்துல ஓடும். குஞ்சு எள்ளு அளவுதான், குடிக்காதப்ப கண்ணுக்கே தெரியாத வெளிர் நிறம், குடிச்சிட்டா உள்ள சிவப்புப் பொட்டு தெரியும். முட்டை 1 மில்லிமீட்டர், வெள்ளையா, பசை போட்டு ஒட்டுன மாதிரி இடுக்குல இருக்கும். அதனாலதான் மெத்தைய உதறுறதுல பிரயோஜனம் இல்ல, முட்டை உதிராது.

ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு அலாரம் வச்சு எழுந்து டக்குனு டார்ச் அடிச்சுப் பாருங்க, அந்த நேரத்துலதான் வெளிய வரும், அஞ்சு பத்து நிமிஷம் குடிச்சிட்டு திரும்ப ஒளிஞ்சுக்கும். பகல்ல தேடுறதா இருந்தா பழைய ஏடிஎம் கார்டு ஒண்ணு எடுத்து இடுக்குல விட்டு இழுங்க. மெத்தையோட பைப்பிங் தையல், கட்டில் சட்டம் சேர்ற மூலை, ஸ்க்ரூ ஓட்டை, தலைமாட்டுப் பலகைக்குப் பின்னாடி, இரும்புக் கட்டில்னா பைப்போட திறந்த முனை, சுவர்ல மாட்டின காலண்டர், போட்டோ ஃப்ரேம் பின்பக்கம், சுவிட்ச் போர்டு, பிளாஸ்டிக் சேருக்கு அடிப்பக்கம், ரயிலுக்கு எடுத்துட்டுப் போன பேக்கோட ஜிப். பாய் போட்டுப் படுக்குறவங்க கோரைப்பாய் ஓரத்துல துணி வச்சுத் தச்சிருப்பாங்களே அதைப் பிரிச்சுப் பாருங்க. கொசுவலை மூலைத் தையல் நிறைய பேரு விட்டுடுவாங்க. பாப்பாவைத் தூளில போடுறீங்கன்னா தூளித் துணி மடிப்பும் கயிறு முடிச்சும் கட்டாயம் பாருங்க.

கிடைச்சதுன்னா ஒண்ணை செல்லோ டேப்ல ஒட்டி வச்சுக்குங்க, மருந்தடிக்க வர்றவங்களுக்கும் வீட்டு ஓனருக்கும் காட்ட உதவும்.

கிடைச்சிருச்சேன்னு மனசு உடைஞ்சு போகாதீங்க. வீடு அழுக்கா இருந்தாதான் வரும்னு சொல்றது பொய். அதுக்கு வேண்டியது நம்ம ரத்தமும் ஒளிய இடுக்கும்தான், ரயில் பெர்த், பஸ் சீட்டு, பழைய சோபா, விருந்தாளி பெட்டி எது வழியாவும் வரும். கரு தரிச்ச ஒரே ஒரு பொம்பளைப் பூச்சி போதும். இன்னொண்ணு, இது மனுஷனுக்கு நோய் பரப்புறதா இதுவரைக்கும் நிரூபணம் ஆகல, அதனால பாப்பாவுக்கு மலேரியா டெங்கு மாதிரி ஏதாவது வந்துடுமோன்னு பயப்பட வேண்டாம். சொறிஞ்சு புண்ணாகி சீழ் வைக்கிறதுதான் பிரச்சினை, பாப்பா நகத்தை ஒட்ட வெட்டுங்க, கேலமைன் லோஷன் தடவலாம், மாத்திரை மட்டும் மெடிக்கல்ல கேட்டுக் குடுக்காம குழந்தை டாக்டர்கிட்ட காட்டிக் குடுங்க.

இப்ப நம்ம ஆளுங்க முதல்ல செய்யுற ரெண்டு தப்பு. ஒண்ணு, பயந்துபோய் ஹால்ல போய் படுத்துக்கிறது இல்ல அம்மா வீட்டுக்குக் கிளம்புறது. நம்ம மூச்சுக்காத்தையும் உடம்புச் சூட்டையும் வச்சுத்தான் அது நம்மளைத் தேடுது, நீங்க ஹாலுக்குப் போனா அதுவும் ஹாலுக்கு வரும், ஒரு ரூம் பிரச்சினை மூணு ரூம் ஆகும், அம்மா வீட்டுக்குப் பையில கொண்டு போய் அங்கயும் விட்டுடுவீங்க. கஷ்டமா இருந்தாலும் அதே ரூம்லயே படுங்க, கட்டிலை எப்படி பத்திரமாக்குறதுன்னு கீழ சொல்றேன். ரெண்டாவது தப்பு, கடையில கிடைக்கிற கொசு கரப்பான் ஸ்ப்ரேய வாங்கி ரூம் முழுக்க அடிக்கிறது. நேரா மேல பட்டதுல சிலது சாகும், மிச்சமெல்லாம் நெடி தாங்காம சிதறி சுவர் இடுக்குக்கும் பக்கத்து ரூமுக்கும் போயிடும், முட்டைக்கு ஒண்ணும் ஆகாது.

மருந்துக்குப் பழகிப்போறது புதுசும் இல்ல. 1953ல மலேரியா ஒழிப்புக்குன்னு நாடு முழுக்க வீட்டுச் சுவர்ல டிடிடி அடிக்க ஆரம்பிச்சாங்க, முதல்ல மூட்டைப்பூச்சியும் சேர்ந்து செத்துச்சு, ஜனங்களுக்கு சந்தோஷம். சில வருஷத்துல அது டிடிடிக்குப் பழகிடுச்சு, சாகாம மருந்து பட்ட எரிச்சல்ல வெளிய ஓடி வந்து இன்னும் ஜாஸ்தியா கடிச்சுது, மருந்தடிச்சா மூட்டைப்பூச்சி கூடுதுன்னு சொல்லி நிறைய ஊர்ல ஸ்ப்ரே அடிக்க வந்தவங்களுக்குக் கதவையே திறக்கல. இப்ப வீட்டு ஸ்ப்ரேல இருக்குற பைரித்ராய்டு மருந்துக்கும் அதே கதைதான் நடந்துகிட்டிருக்கு, நம்ம பக்கம் அதிகமா இருக்குற வெப்பமண்டல மூட்டைப்பூச்சிக்கு அது நல்லாவே பழகிப்போச்சு.

எதுக்குப் பழகாதுன்னா சூட்டுக்கு. 50 டிகிரிக்கு மேல போச்சுன்னா பெருசு, குஞ்சு, முட்டை எல்லாமே செத்துடும். நமக்கு சென்னைல இருக்குற பெரிய வரமே இந்த வெயிலும் வெந்நீரும்தான். பெட்ஷீட், தலையணை உறை, கொசுவலை, பாப்பா துணி, தூளித் துணி எல்லாத்தையும் ரூமுக்குள்ளயே பெரிய பிளாஸ்டிக் கவர்ல போட்டு வாயைக் கட்டி அப்புறம் வெளிய எடுத்துட்டு வாங்க, கையில அள்ளிட்டு வந்தா வழியெல்லாம் உதிரும். வாஷிங் மெஷின்ல 60 டிகிரி வைங்க, அந்த வசதி இல்லன்னா அண்டால தண்ணி நல்லா கொதிக்க வச்சு அதுல அரை மணி நேரம் அமுக்கி ஊற வைங்க. வெந்நீர் தாங்காத துணி, செருப்பு, பொம்மை, ஹேண்ட்பேக் இதையெல்லாம் கறுப்பு பிளாஸ்டிக் கவர்ல மெல்லிசா பரப்பி, மொட்டை மாடில உச்சி வெயில்ல நாலஞ்சு மணி நேரம் போட்டு நடுவுல ஒருதடவை புரட்டி விடுங்க. திணிச்சு அடைச்சா நடுவுல சூடு ஏறாது. சமையலுக்கு இல்லாத ஒரு தெர்மாமீட்டரை உள்ள போட்டுப் பாத்தா இன்னும் நல்லது, நான் அப்படித்தான் பண்றேன்.

மெத்தைய சும்மா மாடில வெயில்ல சாய்ச்சு வச்சா பத்தாது, வெயில் படுற பக்கத்துலருந்து நிழல் பக்கத்துக்கு நகர்ந்துக்கும், சாயங்காலம் மறுபடி உங்களோடயே கீழ வரும். மெத்தைக்கு ஸ்டீமர்தான் சரி, துணி இஸ்திரி போட வாங்குற கையடக்க ஸ்டீமரே போதும். நுனியில ஒரு துணி சுத்திக்கிட்டா காத்து வேகத்துல பூச்சி பறந்து போகாது, தையல் ஓரமா ரொம்ப மெதுவா, ஒரு சாண் நீளத்துக்குப் பத்து பதினஞ்சு செகண்டாவது ஆகுற மாதிரி நகர்த்துங்க, முடிச்சதும் ஃபேன் போட்டு நல்லா காய வைங்க. அப்புறம் முழுசா மூடி ஜிப் போடுற மெத்தை கவர் வாங்கி மாட்டிடுங்க, உள்ள மாட்டினது வெளிய வர முடியாம பட்டினியிலயே சாகும், ஆனா அது சாப்பிடாம மாசக்கணக்குல தாங்குங்கிறதால ஒரு வருஷத்துக்கு அந்தக் கவரைக் கழட்டக்கூடாது. இலவம்பஞ்சு மெத்தை ரொம்ப கிழிஞ்சு உள்ளெல்லாம் இருந்தா தூக்கிப் போடலாம், போடும்போது நாலு பக்கமும் கத்தியால கிழிச்சு கவர்ல கட்டிப் போடுங்க, அப்படியே தெருவுல வச்சா யாராவது பாவம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்க.

கட்டிலை மொத்தமா கழட்டுங்க. இரும்புக் கட்டில்னா எங்க பாட்டி காலத்து வைத்தியமே சிறந்தது, மாடிக்குக் கொண்டு போய் பைப்புக்குள்ளயும் மூட்டு மூட்டாவும் கொதிக்கிற தண்ணி ஊத்துறது, பாப்பாவை அந்தப் பக்கமே விடாதீங்க. மரக் கட்டில்னா ஸ்டீமர், அது காஞ்சதும் இடுக்கையெல்லாம் மரத்தூள் பசை இல்ல எம்சீல் வச்சு அடைச்சுடுங்க. சுவர் வெடிப்புக்கு வெள்ளை சிமெண்ட். மண்ணெண்ணெய் மட்டும் ஊத்தாதீங்க, பழைய ஆளுங்க செஞ்சாங்கதான், ஆனா மெத்தை, சாமி விளக்கு, கொசுவத்தி எல்லாம் இருக்குற ரூம் அது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினானாம்னு பழமொழி சொல்வாங்களே, நிஜமாவே அப்படி ஆகும். வேப்பிலை, வசம்பு, பாச்சா உருண்டை இதெல்லாம் நான் போட்டுப் பாத்துட்டேன், வாசனைக்குக் கொஞ்சம் ஒதுங்குற மாதிரி இருக்கும், ஒழியாது. பாச்சா உருண்டையைப் பாப்பா வாயில போட்டுடும், அதை மொத்தமா வீட்டை விட்டே எடுத்துடுங்க.

இப்ப கட்டிலைப் பத்திரமாக்குறது. கட்டிலை சுவத்துலருந்து அரை அடி தள்ளிப் போடுங்க, பெட்ஷீட் கொசுவலை எதுவும் தரையத் தொடக்கூடாது, கட்டிலுக்கு அடியில பெட்டி சாமான் வைக்கக்கூடாது. நாலு காலுக்கும் அடியில ஒரு ஒரு கிண்ணம் வச்சு சோப்புத் தண்ணி ஊத்துங்க, முன்னாடி எறும்புக்கு பீரோ காலுக்கு வைப்பாங்களே அதே மாதிரி. வெளிநாட்டுல வழவழ பிளாஸ்டிக் கிண்ணத்தை அப்படியே வச்சா விழுந்தது ஏறாதுன்னு சொல்வாங்க, நம்ம ஊர் வகைக்கு கால்ல பிடிமானம் ஜாஸ்தி, வழவழப்புல ஏறிடும், அதனால தண்ணி இருக்கணும். மரக் கால் ஊறிப்போகும்னு நினைச்சா காலுக்கு அடியில சின்ன எவர்சில்வர் டம்ளரைக் கவுத்து வச்சு அதைக் கிண்ணத்துக்குள்ள வைங்க. ரெண்டு நாளைக்கு ஒருதடவை தண்ணி மாத்துங்க, இல்லன்னா டெங்குக் கொசு முட்டை போட்டுடும். இந்தக் கிண்ணம் ரெண்டு வேலை செய்யும், புதுசா ஏற விடாது, அதோட தண்ணில எத்தனை மிதக்குதுன்னு பாத்து குறையுதா கூடுதான்னு நீங்களே தெரிஞ்சுக்கலாம். நான் ஒரு பழைய நோட்டுல தேதி போட்டு எழுதி வைப்பேன்.

இனிமே கணக்கு. முட்டை பொரிய ஆறு நாள்லருந்து பத்து நாள். பொரிஞ்ச குஞ்சு அஞ்சு தடவை தோல் உரிக்கும், ஒவ்வொரு தடவைக்கும் ஒருதரம் ரத்தம் வேணும், நம்ம ஊர் சூட்டுல ஒரு மாசம் ஒண்ணரை மாசத்துல பெருசாகி அதுவும் முட்டை போட ஆரம்பிச்சுடும், ஒரு நாளைக்கு ரெண்டு மூணுன்னு வாழ்நாள்ல சில நூறு. அப்ப இன்னிக்கு நீங்க எவ்வளவு நல்லா செஞ்சாலும் எங்கயாவது இடுக்குல தப்பிச்ச முட்டை பத்து நாள்ல பொரியும். அதனால ஸ்டீம் போடுறது, கட்டில் மூட்டு பாக்குறது இதை வாரத்துக்கு ஒருதடவை, ஆறேழு வாரம் விடாம செய்யணும். மூணாவது வாரம் கடி நின்னுடும், எல்லாரும் அங்கதான் விட்டுடுறாங்க, நானும் முதல் தடவை அங்கதான் விட்டேன், ரெண்டு மாசத்துல மூணு ரூம் ஆச்சு.

ஆள் வச்சு மருந்தடிக்கிறது தப்பில்ல, நிறைய இருந்தா அது தேவைதான். வேளாண்மைத் துறை லைசென்ஸ் இருக்கான்னு கேளுங்க, என்ன மருந்துன்னு பேர் எழுதி வாங்குங்க, பேர் சொல்ல மாட்டேன்னா அனுப்பிடுங்க. ஒரே தடவைல கேரண்டின்னு சொல்றவங்களை நம்பாதீங்க, பதினஞ்சு நாள் இடைவெளில குறைஞ்சது ரெண்டு தடவை அடிக்கணும், மேல சொன்ன அதே முட்டைக் கணக்குதான். மெத்தை மேல, தூளி மேல அடிக்க விடாதீங்க, சட்டம், மூலை, சுவர் இடுக்குல மட்டும். அன்னிக்குப் பாப்பாவைத் தூக்கிட்டு வெளிய போய்டுங்க, துவைச்ச புதுத்துணி மாத்திக்கிட்டு, வேற பை எடுக்காம. திரும்பி வந்து ரெண்டு மணி நேரமாவது ஜன்னல் எல்லாம் திறந்து வைங்க, அப்புறம் பாப்பா தவழுற தரையை ரெண்டு தடவை துடைங்க, மருந்தடிச்ச சுவர் ஓரத்துக்கு மட்டும் பாப்பாவை விடாம பாத்துக்குங்க.

வாடகை வீடுன்னு சொன்னீங்க, ஓனர்கிட்ட சொல்லத் தயக்கமா இருக்கும். ஆனா அபார்ட்மெண்ட்ல பைப்பு, வயர் போற ஓட்டை வழியா பக்கத்து வீட்டுக்கும் போகும் அங்கருந்தும் வரும், மறைச்சா நீங்க மட்டும் மாசக்கணக்கா போராடிக்கிட்டு இருப்பீங்க. அந்த செல்லோ டேப்பைக் காட்டி நேரா சொல்லிடுங்க, மேல் வீடு பக்கத்து வீட்லயும் கட்டிலைப் பாக்கச் சொல்லுங்க. கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல, பின்னாடி புரியும்.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப பெர்த்ல ஏறினதும் சீட் ஓரத் தையலை ஒருதடவை செல்போன் டார்ச்ல பாருங்க. திரும்பி வந்ததும் பெட்டியை பெட்ரூமுக்குள்ள கொண்டு போகாம பாத்ரூம் தரையிலயே திறந்து துணியை நேரா வெந்நீருக்குப் போடுங்க, காலிப் பெட்டியை மாடில வெயில்ல ஒருநாள் வச்சு எடுங்க. எங்க ஹாஸ்டல்ல இப்ப புதுசா யார் வந்தாலும் முதல்ல இதைத்தான் செய்யச் சொல்றேன். இன்னிக்கு ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்துட்டு என்ன கிடைச்சுதுன்னு சொல்லுங்கம்மா, கட்டில் மரமா இரும்பான்னும் சேர்த்துச் சொல்லுங்க.